குறைந்த ஒலியளவு ஒரு நோயன்று

வீட்டில் அமர்ந்து ஒலிப்பதிவு செய்வோரிடையே இந்தியா முழுவதும் ஒரு மூடநம்பிக்கை வேரூன்றிவிட்டது. பழைய கேசட் டெக்கை ஆடியோ இன்டர்ஃபேஸோடு இணைக்கிறார்கள். திரையில் அளவுமானி பாதிக்கு மேல் ஏற மறுக்கிறது. உடனே, அன்பேலன்ஸ்டு கருவிக்கும் பேலன்ஸ்டு கருவிக்கும் ஒத்துவராது என்று தீர்ப்பு எழுதப்படுகிறது. வசதியுள்ளவர் ஒரு பெருக்கிப் பெட்டியை வாங்குகிறார். வசதியற்றவர் டெக்கின் கம்பியை மைக் துளையில் செருகுகிறார். முதலாவது வீண்செலவு. இரண்டாவதால் பதிவே பாழாகிறது.

பேலன்ஸ்டு என்பது இணைப்பின் முறை. ஒலியின் அளவைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. தரையை நோக்க இரு கம்பிகளுக்கும் மின்மறிப்பு சமமாக இருந்தால், வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் படியும். வாங்கும் கருவி வேறுபாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஒரு கம்பியில் நேராகவும் மறுகம்பியில் தலைகீழாகவும் சமிக்ஞை ஓடினால்தான் இரைச்சல் நீங்கும் என்று காணொளிதோறும் ஓதப்படுவதும் பிழையே. ஒரு கம்பியில் மட்டுமே சமிக்ஞை ஓடும் பேலன்ஸ்டு கருவிகளும் உண்டு; அவற்றிலும் இரைச்சல் நீங்கவே செய்கிறது.

அளவு என்பது தனிக் கணக்கு. தொழில்முறைக் கருவிகளின் +4 டிபியூ என்பது 1.23 வோல்ட், வீட்டுக் கருவிகளின் −10 டிபிவி என்பது 0.316 வோல்ட். நான்கையும் பத்தையும் கூட்டி 14 டெசிபெல் வேறுபாடு என்று எழுதுவோர், ஓர் அளவுகோல் 0.775 வோல்ட்டிலும் மற்றது 1 வோல்ட்டிலும் தொடங்குவதை மறந்துவிடுகிறார்கள். உண்மையான வேறுபாடு 11.8 டெசிபெல், ஏறத்தாழ நான்கு மடங்கு மின்னழுத்தம்.

இதற்கா இத்தனைப் பதற்றம்? கேசட்டில் இசைக்கும் நாடாவின் சீறலுக்கும் இடையே உள்ள தொலைவு 50 முதல் 60 டெசிபெல்தான். இன்றைய எளிய 24 பிட் இன்டர்ஃபேஸ் 100 டெசிபெலைத் தாண்டுகிறது. 12 டெசிபெல் தாழ்வாகப் பதிந்தாலும் நாடாவின் சீறல் இன்டர்ஃபேஸின் சொந்த இரைச்சலைவிட வெகு உயரத்திலேயே நிற்கும். பிறகு மென்பொருளில் உயர்த்திக்கொள்ளலாம், எதுவும் தொலையாது. இந்த அச்சம் 16 பிட் காலத்தின் எச்சம்.

மைக் துளையின் கதை வேறு. சில மில்லிவோல்ட்டுக்காக அமைந்த வாசலில் பல நூறு மில்லிவோல்ட்டைத் திணித்தால் உச்சங்கள் வெட்டுப்படும். வெட்டுப்பட்ட ஆலாபனையை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது. சனிக்கிழமை இரவுகளில் ஆகாசவாணியின் தேசிய இசை நிகழ்ச்சியைக் காத்திருந்து பதிந்தவர்களின் நாடாக்கள் இன்று பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன. சில நாடாக்கள் இன்னொரு முறை ஓடுமா என்பதே ஐயம். அந்த ஒற்றை ஓட்டத்தை, அளவுமானியில் சிவப்பு விளக்கு எரியவேண்டும் என்ற ஆசைக்குப் பலியிடுகிறார்கள்.

இதனினும் கொடியது ரீங்காரத்துக்குச் சொல்லப்படும் வைத்தியம். மூன்று முள் செருகியுள்ள ஆம்ப்ளிஃபயரும், மூன்று முள் சார்ஜரில் இயங்கும் மடிக்கணினியும் ஒரு கம்பியால் இணையும்போது, எர்த் வழியே ஒரு வளையம் உருவாகி 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் நுழைகிறது. அன்பேலன்ஸ்டு கம்பியில் வெளிவலையே சமிக்ஞை திரும்பும் பாதையும் ஆவதால் அந்த மின்னோட்டம் இசையோடு கலந்துவிடுகிறது. எர்த் முள்ளை எடுத்துவிடுங்கள் என்று கூசாமல் அறிவுரை வழங்குகிறார்கள். ரீங்காரம் நிற்பது உண்மைதான். ஆனால் உள்ளே மின்காப்பு பழுதாகி 230 வோல்ட் உலோக உடலைத் தொடும் நாளில் எர்த் வழியே மின்சாரம் பாயாது, ஃபியூசும் போகாது. பெட்டியைத் தொடுபவரின் உடல் வழியே பாயும். பாடகரின் உதடு மைக்கின் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது என்பதை இந்த வைத்தியர்கள் ஒருமுறையேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

முறையான வழிகள் மலிவானவை. பதிவு முடியும்வரை சார்ஜரைக் கழற்றி மடிக்கணினியை பேட்டரியில் ஓட்டலாம். பெரும்பாலும் அதுவே போதும். போதாவிடில் ஓர் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர். அல்லது இரட்டை உள்கம்பியும் வெளிவலையும் கொண்ட கேபிள்: ஆர்சிஏ முனையில் ஒரு கம்பி நடுமுள்ளோடும், மற்றொன்று வெளிவலையோடு சேர்ந்து வெளிவளையத்தோடும் பற்றவைக்கப்படும், டிஆர்எஸ் முனையில் மூன்றும் தனித்தனியே. எர்த் வளையத்தின் மின்னோட்டம் பெரும்பாலும் வெளிவலையிலேயே ஓடிவிட, இன்டர்ஃபேஸின் பேலன்ஸ்டு லைன் வாசல் உள்கம்பிகள் இரண்டையும் ஒப்பிட்டு இசையை எடுத்துக்கொள்ளும். மும்பையின் லாமிங்டன் சாலையிலோ பெங்களூரின் எஸ்.பி. சாலையிலோ இதற்கான கேபிளும் ஜாக்குகளும் கிடைக்கும். பற்றவைக்க அரைமணி நேரம் ஆகும். பெட்டி விற்கும் இணைப்பைக் காணொளியின் கீழே ஒட்டிவைப்பவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள். இதில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.