செயற்கைக்கோள் காற்றை அளப்பதில்லை

"அளவுத்திருத்தத்தில் ஆய்வுப் புதுமை எங்கே?" தில்லியின் ஆய்வரங்குகளில் அலுக்காமல் கேட்கப்படும் கேள்வி இது. கடற்காற்றை அறியும் ராடார் கருவிகளின் அளவுத்திருத்தத்தை ஆராய விரும்பும் மாணவரை வேறு தலைப்புக்குத் துரத்த இந்த ஒரு கேள்வியே போதுமானதாக இருக்கிறது. கேட்பவர்கள் அளவீடு என்றால் என்னவென்று ஒருமுறையேனும் சிந்தித்திருந்தால் இதைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

எந்தச் செயற்கைக்கோளும் காற்றை நேரடியாக அளப்பதில்லை. 2009இல் ஏவப்பட்ட ஓஷன்சாட்-2, 2016இல் ஏவப்பட்ட ஸ்கேட்சாட்-1 ஆகியவற்றின் சிதறல்மானிகள், 13.5 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கடல்மீது செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியின் வலிமையை மட்டுமே பதிந்தன. காற்று எழுப்பும் சென்டிமீட்டர் அளவிலான சிற்றலைகளே அந்த எதிரொலிக்குக் காரணம். மொழியியல் பயின்ற எனக்கு இது பழகிய சிக்கல்: எதிரொலி குறி, காற்று பொருள். இரண்டையும் இணைக்கும் அகராதியை மிதவைகளின் அளவீடுகளையும் வானிலை மாதிரிகளையும் கொண்டு மனிதர்கள்தாம் தொகுக்க வேண்டும். அதில் 10 விழுக்காடு பிழை நேர்ந்தால், வேகத்தின் இருமடியைச் சார்ந்த கடல்மீதான இழுவிசைக் கணக்கில் அது ஏறத்தாழ 20 விழுக்காடாகும். பெருமழை எதிரொலியைக் குலைக்கிறது. கடும்புயலுக்குள் மிதவைகளோ மிக அரிது. அகராதி மிகவும் தேவைப்படும் பக்கங்களிலேயே பதிவுகள் குறைவு.

நாசாவின் குவிக்ஸ்காட் கருவியின் அலைவாங்கி 2009 நவம்பரில் சுழல்வதை நிறுத்தியது. அதைக் கைவிட்டுவிடாமல், ஓஷன்சாட்-2 உள்ளிட்ட பிற கருவிகளைச் செம்மைப்படுத்தும் அளவுகோலாக 2018 வரை இயக்கினர். புதுமையில்லாத வேலைக்காகவா ஒன்பது ஆண்டுகள் செலவிட்டனர்?

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டு 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரை வெறும் பிழைதிருத்துநர் என்று எவரும் சொல்வதில்லை. மூலம் எது என்று நிறுவுவதே அறிவுப்பணி. அளவுத்திருத்தம் செய்வதும் அதுவே.

வட இந்தியப் பெருங்கடலுக்கான புயல் முன்னறிவிப்புகள் தில்லியிலுள்ள வானிலைத் துறையிலிருந்து வெளியாகின்றன. அவற்றை நம்பிக் கரையில் நிற்பதா, கடலுக்குப் போவதா என்று முடிவெடுப்பவர் குமரிமுனை மீனவர். ஏவுதலுக்குக் கைதட்டும் நாம், மிதவைப் பராமரிப்பையும் அளவுத்திருத்தத்தையும் முனைவர் பட்டத்துக்குரிய ஆய்வாக ஏற்க வேண்டும். மறுப்பவர்கள், தாம் மேற்கோள் காட்டும் காற்றுவேகம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விளக்கட்டும்.