இலவசம் என்றால் யாருக்கு இலவசம்?

புதிய சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்கையில், நீளமாக ஒரு லைசென்ஸ் திரையில் வருமே, அதை நீங்கள் படித்ததுண்டா? நானும் படித்ததில்லை. கட்டத்தில் டிக் செய்து, நெக்ஸ்ட் பட்டனை அழுத்திச் சென்றவன்தான். நானே ஒரு லைசென்ஸ் எழுத வேண்டி வந்தபோதுதான் அதன் அருமை புரிந்தது.

நான் ஒரு சாப்ட்வேர் இன்ஜினியர். அம்மா பால், மளிகை, கரண்ட் பில் கணக்குகளை டயரியில் எழுதுவதைப் பார்த்து, தமிழிலேயே வரவு செலவு எழுத ஒரு சின்ன புரோகிராம் தயாரித்தேன். நாலு பேருக்குப் பயன்படட்டுமே என்று இன்டர்நெட்டில் இலவசமாகக் கொடுத்தேன். லைசென்ஸ் ஒரே வரி: "வணிகம் சாராத பயன்பாட்டுக்கு மட்டும்."

சில மாதங்களில் இரண்டு சிக்கல்கள் வந்தன. முதலாவது, ஒரு பெண்மணியின் இமெயில். "தம்பி, நான் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். அந்தக் கணக்கையும் இதில்தான் எழுதுகிறேன். தப்பென்றால் சொல்லுங்கள், அழித்து விடுகிறேன்" என்று எழுதியிருந்தார்.

இரண்டாவது, நண்பர் ஒருவர் புதுக் கம்ப்யூட்டர் வாங்கிய கடையின் பில். அதில் என் புரோகிராமுக்கு 300 ரூபாய் போட்டிருந்தார்கள்! கடைக்காரருக்கு போன் செய்து கேட்டேன். "பயன்படுத்துவதைப் பற்றித்தானே எழுதியிருக்கிறீர்கள்? நான் பயன்படுத்தவில்லையே. அது இன்ஸ்டால் செய்த கூலி" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

என் ஒற்றை வரி நேர்மையானவரைப் பயமுறுத்தியது. தடுக்க வேண்டியவரைத் தடுக்கவில்லை. தவறு அந்த வரியை எழுதிய என்னுடையதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராமும் ஓர் இலக்கியப் படைப்பே. எழுதியவர் அனுமதி தராமல் அதை நகலெடுத்துப் பரப்ப முடியாது. அந்த அனுமதிதான் லைசென்ஸ். திருட்டு நகல் என்று தெரிந்தே பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது 63பி பிரிவு. ஆனால் லாபத்துக்கோ தொழிலுக்கோ பயன்படுத்தாதவருக்கு, தக்க காரணம் இருந்தால், சிறை இல்லாமல் 50,000 ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு கோர்ட் விடலாம். ஆக, சட்டமே வீட்டையும் கடையையும் பிரித்துத்தான் பார்க்கிறது.

எங்கே கோடு போடுவது?

லினக்ஸ் கதையைப் பாருங்கள். 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை வெளியிட்டபோது, நகல் எடுத்துத் தரும் செலவுக்குக்கூடப் பணம் வாங்கக் கூடாது என்று விதி வைத்தார். பிளாப்பியில் காப்பி செய்து தருபவர் பிளாப்பியின் விலையைக்கூட வாங்க முடியாது. அந்த நிபந்தனையை நீக்கும்படி கேட்டு வேண்டுகோள்கள் வரவே, 1992ல் ஜி.பி.எல். லைசென்ஸுக்கு மாறினார். அதன் பிறகு யாரும் லினக்ஸை விற்கலாம். ஆனால் சோர்ஸ் கோடையும் தந்தாக வேண்டும்.

நானும் அப்படி மாறியிருக்கலாம். ஆனால் அலுவலகங்கள் கட்டணம் தந்தால்தான் இரவில் உட்கார்ந்து பிழை திருத்த எனக்குக் கட்டுப்படியாகும். எனவே வணிகத் தடையை வைத்துக் கொண்டேன். அதனால் என் புரோகிராமை ஓப்பன் சோர்ஸ் என்று சொல்லிக் கொள்வதில்லை. எந்தத் தொழிலுக்கும் தடை இருக்கக் கூடாது என்பது ஓப்பன் சோர்ஸ் வரையறையின் ஒரு விதி.

2019ல் வந்த பாலிபார்ம் நான்கமர்ஷியல் லைசென்ஸ் எனக்கு வழிகாட்டியது. சொந்த உபயோகம், தர்ம ஸ்தாபனம், கல்வி நிறுவனம், அரசு நிறுவனம் என்று யார் யார் பயன்படுத்தலாம் என அது பெயர் சொல்லிவிடுகிறது. முதல் முறை மீறியவருக்கு, நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 32 நாள் திருத்திக் கொள்ள அவகாசமும் தருகிறது.

புதிய பதிப்புக்கு நான் எழுதிய விதிகள் இவை:

1. வீடு, மாணவர், பள்ளி, தர்ம அமைப்பு ஆகியோருக்கு முழுதும் இலவசம்.

2. சம்பள ஆள் வைக்காமல் தனியாளாகத் தொழில் செய்பவருக்கும் இலவசம்.

3. மற்ற கடை, அலுவலகங்கள் 30 நாள் பயன்படுத்திப் பார்த்த பிறகு கட்டணம் செலுத்த வேண்டும்.

4. மாற்றாமல் யாருக்கும் காப்பி தரலாம். கூலி வாங்கினால், "சாப்ட்வேர் இலவசம், இது இன்ஸ்டால் கூலி" என்று பில்லில் எழுத வேண்டும்.

5. தெரியாமல் மீறியவருக்குத் திருத்திக் கொள்ள 30 நாள் அவகாசம் உண்டு.

6. ஒரு பதிப்புக்குத் தந்த அனுமதியை, விதிப்படி நடப்பவரிடமிருந்து நான் பின்னால் பறிக்க மாட்டேன்.

கடைசி விதிதான் எனக்குக் கடினமாக இருந்தது. நாளைக்கே புரோகிராம் பிரபலமாகிவிட்டால் கை அரிக்கும் அல்லவா? ஆனால் மூன்று வருடக் கணக்கை அதில் எழுதி வைத்தவரிடம் திடீரென்று பணம் கேட்பது, சோறு போட்டுவிட்டு இலைக்கு விலை கேட்பது போலத்தான்.

வாசகர்கள் இனி எந்த இலவச சாப்ட்வேரை இறக்கினாலும், லைசென்ஸில் யாருக்கு இலவசம் என்ற ஒரு வரியையாவது தேடிப் படியுங்கள். படங்களைப் பார்க்கப் பலரும் பயன்படுத்தும் இர்பான்வியூ வீட்டில் இலவசம். அதையே வியாபார அலுவலகத்தில் பயன்படுத்தக் கட்டணம் உண்டு. சந்தேகம் வந்தால் எழுதியவரைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

கடைக்காரருக்குப் புதிய விதிகளை அனுப்பினேன், பதில் இல்லை. பழைய பதிப்பை அவர் வைத்திருக்கிறார், புதியதற்கு மட்டுமே புதிய விதி என்பதும் எனக்குத் தெரியும். தையல்கார அம்மாவுக்கு மட்டும் அன்றே பதில் போட்டேன்: "தாராளமாக எழுதுங்கள் அக்கா. இரண்டாவது விதி உங்களுக்காகவே எழுதியது."