ஐம்பது ரூபாய்

பொள்ளாச்சி மாட்டுச் சந்தை செவ்வாயும் வியாழனும் கூடும். அந்த இரண்டு நாளும் கோபாலபுரம் தாண்டி, கேரள எல்லைக்குள் இருக்கும் எங்கள் எருத்தேன்பதிப் பக்கம் வரும் லாரிகளில் எது மாட்டு லாரி என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். தேங்காய் லாரி குழியில் இறங்கினால் பலகை அதிரும், அவ்வளவுதான். மாட்டு லாரி இறங்கினால் கொம்பும் பலகையும் மோதுகிற சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு ஒரு மூச்சு வரும், கதறல்கூட இல்லை.

போன வாரம் டயர் மாற்றுவதற்காக ஒரு லாரி டீக்கடை முன்னால் நின்றது. பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தேன். நெருக்கியடித்து நின்ற மாடுகளின் கால்களுக்கு நடுவே ஒரு கிழட்டு வண்டிக்காளை விழுந்து கிடந்தது. கழுத்தில் நுகத்தடி காய்த்த தழும்பு. கொம்பில் பொங்கலுக்குப் பூசிய நீலம் இன்னும் முழுசாகப் போகவில்லை. வால் நடுவில் மடங்கித் தொங்கியது. மாடு வைத்திருப்பவர்களுக்கு அது என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. விழுந்த மாட்டை எழுப்ப வாலை முறுக்குவார்கள். முறுக்கியும் எழாவிட்டால் எலும்பு ஒடியும்வரை முறுக்குவார்கள்.

"இறக்கித் தண்ணி காட்டலாமுங்களே அண்ணா" என்றேன்.

"எறக்குனா மறுபடி எப்படிங்க ஏத்தறது? இங்க மேடு எங்கிருக்குது?" என்றார் டிரைவர். கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "நாலு உருப்படி கொறைச்சு ஏத்துனா வாடகை கட்டாதுங்க."

அவர் பாதி வாட்டர் பாட்டிலை அந்தக் காளையின் வாயில் ஊற்றியதையும் பார்த்தேன். அவரைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் பயணம் எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் எப்போதோ எழுதிவைத்துவிட்டது. 1978-ஆம் ஆண்டின் விலங்குகள் போக்குவரத்து விதிகளின்படி ஒரு சரக்கு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது. கால் வழுக்காமல் தரையில் தென்னைநார்ப் பாயோ பலகையோ போட வேண்டும். பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவரின் சான்று வேண்டும். கூடவே பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வர வேண்டும். எழுதியவருக்கு மாட்டைத் தெரிந்திருக்கிறது. ஆனால் மீறினால் என்ன? 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11-ஆம் பிரிவில், வலி உண்டாகும்படி விலங்கை ஏற்றிச் செல்வதும் ஒரு குற்றம். முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. இன்றைக்கும் அதுதான்.

அந்தச் சட்டம் சும்மா வந்துவிடவில்லை. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை நியமன உறுப்பினராக இருந்தபோது தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தது அது. அரசே கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் திரும்பப் பெற்றார். 1962-இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அவர் காலத்தில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு கனம் இருந்தது.

2014-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை ஜல்லிக்கட்டுக்காக மட்டுமே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். இந்த அபராதம் போதாது, நாடாளுமன்றம் திருத்த வேண்டும் என்று அதே தீர்ப்பு சொன்னதை யாரும் பேசவில்லை. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்கள் கருத்தைக் கேட்டது. அதோடு சரி.

நான் மாட்டிறைச்சிக்கு எதிராக எழுதவில்லை. 2017-இல் சந்தையில் இறைச்சிக்கு மாடு விற்கத் தடை என்று விதி வந்தபோது, எங்கள் ஊர் விவசாயி கிழமாட்டை என்ன செய்வான் என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தன். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிக்கு இடைக்காலத் தடை போட்டது சரிதான். விற்பதும் தின்பதும் வேறு பேச்சு. என் பேச்சு, சந்தைக்கும் அறுப்புக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில மணி நேரத்தைப் பற்றியது.

பிரிட்டனில் ரூத் ஹாரிசன் என்ற பெண் 1964-இல் பண்ணை விலங்குகளின் நிலையைப் புத்தகமாக எழுதினார். அரசு பிராம்பெல் தலைமையில் ஒரு குழு போட்டது. நிற்க, படுக்க, திரும்ப, உடம்பை நக்கிச் சுத்தம் செய்ய, கால் நீட்ட விலங்குக்கு இடம் வேண்டும் என்று 1965-இல் அந்தக் குழு சொன்னது. பார்த்து, எண்ணி, எழுதியதால்தான் அங்கே விதி மாறியது. அந்த ஐந்தில் ஒன்றே ஒன்றுதான் நான் பார்த்த லாரியில் இருந்தது: நிற்பது. அதுவும் அந்தக் காளைக்கு இல்லை.

எங்கள் எல்லையில் எண்ணுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. பூக்கோட்டில் கேரளத்தின் கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, சென்னையில் தமிழ்நாட்டினுடையது. இரண்டும் சேர்ந்து ஓராண்டு, சந்தை நாள்தோறும் நான்கு மாணவர்களை இந்தச் சாலையில் நிறுத்தட்டும். லாரிக்கு எத்தனை மாடு, கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தது, எத்தனை விழுந்து கிடக்கிறது என்று குறிக்கட்டும். பஞ்சாயத்து ஒரு தண்ணீர்த் தொட்டியும், மாட்டை இறக்கி ஏற்ற ஒரு மண்மேடும் போட்டுத் தரட்டும். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம், 2022 வரைவு என்னவாயிற்று என்று நீங்களும் கேளுங்கள்.