மெலிவைக் கேளாச் செவிகள்

'சப்வூஃபர் என்பது ரசனையற்றவர்களின் பெட்டி' என்று நண்பர் ஒருவர் அண்மையில் இலக்கியக் கூட்டமொன்றின் தேநீர் இடைவேளையில் தீர்ப்பு வழங்கினார். சுற்றி நின்றோர் சிரித்தனர். நம் வீட்டுக் கூடத்தில் ஏற்கெனவே ஒரு சப்வூஃபர் இருக்கிறது. இரண்டாவதற்கு முன்பணமும் கொடுத்தாகிவிட்டிருந்தது. எனவே நாம் சிரிக்கவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தபடியால் மறுக்கவும் இல்லை. அன்று விழுங்கியதை இங்கே எழுதுகிறோம்.

நண்பருக்கு எதிரணியில் இருப்பவர் கடைக்காரர். அட்டைப்பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கான வாட் என்று அச்சடித்து, 'தரை அதிரும் சார்' என்று சொல்லி விற்பவர். வேடிக்கை என்னவென்றால், இருவரும் ஒரே கொள்கையினர்தாம். சப்வூஃபர் என்பது ஓசையைப் பெருக்கும் கருவி என்பதில் இருவருக்கும் ஐயமே இல்லை. ஒருவர் அதற்காக வெறுக்கிறார், மற்றவர் அதற்காக விற்கிறார். நமது வழக்கு இருவர் மீதும்தான்.

பழந்தமிழ் இசை மரபில் மூவகை இயக்கங்களுக்கு மெலிவு, சமன், வலிவு என்று பெயர். இன்று மந்தர ஸ்தாயி என்று வழங்குவதற்கு நம்மவர் இட்ட பெயர் மெலிவு. தாழ்ந்த சுருதியை மென்மையோடு சேர்த்து எண்ணிய மரபில் வந்தவர்கள் இன்று அதை முரட்டுத்தனத்தின் மறுபெயராக்கி வைத்திருக்கிறோம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் தண்ணுமை ஆசிரியனுக்கு இளங்கோ வகுக்கும் இலக்கணத்தை வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறோம். பிற கருவிகளின் குறையை நிரப்ப வேண்டும், மிகையை அடக்க வேண்டும், இரண்டிலும் தன் கை மிஞ்சக்கூடாது. சப்வூஃபர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்த உற்பத்தியாளரும் தந்ததில்லை. அது இருப்பதே தெரியக்கூடாது. நிறுத்தியவுடன் மட்டும் வீடு வெறிச்சோட வேண்டும்.

நண்பருக்கு முதலில் பதில் சொல்வோம். மனிதச் செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து கேட்கிறது. பேஸ் கித்தாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தட்டையான தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் ஒட்டியிருக்கும் கையகல ஒலிபெருக்கி அந்த அதிர்வை அநேகமாக எழுப்புவதே இல்லை. மேலே எழும் துணைச்சுரங்களை வைத்துக்கொண்டு நம் மூளைதான் அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. அதாவது, இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கித்தார் நடக்கும் நடையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும் நண்பர், அதில் பாதியைக் கேட்காமலே எழுதிக்கொண்டிருக்கிறார். சொற்சிதைவு உள்ள ஏட்டை வைத்துக்கொண்டு பாடபேதம் பேசுவதை நாம் ஒப்புவதில்லை. ஒலிக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை? நரம்புக்கருவி மேல், தோற்கருவி கீழ் என்று வரிசை வைத்துப் பழகிய நம் சமூகத்தின் காதுதான் இதற்குள்ளும் ஒளிந்திருக்கிறதோ என்ற ஐயமும் நமக்கு உண்டு. நண்பர் கோபித்துக்கொள்வார். கோபிக்கட்டும்.

கடைக்காரரிடம் சொல்ல வேண்டியது இன்னும் அதிகம். 5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று, திரைப்படக்காரர்கள் இடிக்கும் வெடிக்கும் என்று ஒதுக்கிய தனித்தடம். 120 ஹெர்ட்ஸுக்கு மேல் அதில் எதுவும் இல்லை. ஆனால் சப்வூஃபரின் வேலை அந்தத் தடத்தோடு முடிவதில்லை. மற்ற ஐந்து பெட்டிகளால் எழுப்ப இயலாத தாழ்சுருதியையும், வழக்கமாக 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் உள்ளதை, அதுவே ஏற்றுக்கொள்கிறது. அந்த எல்லைக்குக் கீழே ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதைச் செவியால் எளிதில் அறிய முடியாது. ஆகவே பெட்டியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்கிறார் கடைக்காரர். இங்கேதான் அவர் நம்மைக் கவிழ்க்கிறார்.

20 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 17 மீட்டர். நம் வீடு அவ்வளவு நீளமில்லை. நம் கூடம் 15 அடிக்கு 12 அடி. செங்கற்சுவர், சிமெண்டுப் பூச்சு, மொசைக் தரை, கான்கிரீட் கூரை. அமெரிக்க வீடுகளின் மரச்சட்டகச் சுவர்கள் தாழ்சுருதியில் ஒரு பகுதியைத் தாமே உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் வெளியேயும் விடும். நம் சுவர்கள் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். 15 அடிக்கு இடையில் ஏறத்தாழ 38 ஹெர்ட்ஸில் ஓர் அலை சிக்கிக்கொள்கிறது. 12 அடிக்கு இடையில் ஏறத்தாழ 48இல் இன்னொன்று. சுவரோரம் உட்கார்ந்தவருக்கு அந்தச் சுரம் இரைச்சல். நட்ட நடுவில் உட்கார்ந்தவருக்கு அதே சுரம் இல்லவே இல்லை. நம் வீடுகளில் சோபா சுவரை ஒட்டியே கிடக்கும், சப்வூஃபர் மூலையிலேயே கிடக்கும். இரண்டும் சேர்ந்தால் எல்லாப் பாட்டும் ஒரே 'தும்' ஆகிவிடுகிறது. குற்றம் பெட்டியினுடையது அன்று, அறையினுடையது. அதை வாட்டைக் கூட்டித் திருத்த முடியாது.

இரண்டாவது சப்வூஃபர் வேண்டுவது இதற்காகத்தான். உரத்துக் கேட்பதற்காக அன்று. ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டுக் காட்டியது: செவ்வக அறையில் எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் ஒவ்வொன்று என இரண்டு வைத்தால், இருக்கைக்கு இருக்கை ஒலி வேறுபடுவது பெரிதும் குறைகிறது. அந்த 38 ஹெர்ட்ஸ் அலையை ஒரு பெட்டி ஒரு பக்கம் தள்ள, எதிர்ப்பெட்டி மறுபக்கம் தள்ள, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒரு பெட்டியே உள்ளவருக்கும் வழி உண்டு. பெட்டியை நாம் அமரும் இடத்தில் வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து சென்று, எந்த இடத்தில் சுரங்கள் சமனாகக் கேட்கின்றனவோ அங்கே பெட்டியை மாற்ற வேண்டும். நாம் அவ்வாறு தவழ்ந்துகொண்டிருந்தபோதுதான் ஆய்வேட்டில் கையொப்பம் வாங்க மாணவர் ஒருவர் வந்து நின்றார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. நாமும் விளக்கவில்லை.

நம் தரப்பில் ஒரு குற்றம் உண்டு. அதை மறைத்து வாதாடுவது முறையன்று. முதற்பெட்டி வந்த புதிதில் கீழ்வீட்டுப் பெரியவர் ஓர் இரவு மாடியேறி வந்தார். "என்ன படம்னு தெரியலை ஐயா, வசனம் ஒண்ணும் கேக்கலை. ஆனா எங்க அலமாரியில டம்ளர் ஆடுது. அவளுக்கு ரெண்டு நாளா உறக்கமில்லை" என்றார். அவர் மனைவி அப்போதுதான் மருத்துவமனையிலிருந்து திரும்பியிருந்தார். சுவர் வசனத்தைத் தடுக்கும், தாழ்சுருதியைத் தடுக்காது. அடியில் ரப்பர் வைத்தால் தீரும் என்பதும் பாதி உண்மையே. காற்றில் செல்வதை ரப்பர் என்ன செய்யும்? மூலையில் வைத்த ஒற்றைப் பெட்டியில் கேட்காத சுரத்தைத் தேடி நாம் ஒலியைக் கூட்டிக்கொண்டே போனோம்; கேட்ட சுரம் அவர் வீட்டு டம்ளரை ஆட்டியது. நண்பரின் ஏளனத்துக்கு நம்மிடம் பதில் இருந்தது. பெரியவருக்கு மன்னிப்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

இரண்டாவது பெட்டி சென்ற மாதம் வந்தது. பின்சுவரின் நடுவில் அதற்கு இடம்விட்டு உரைநூல்களின் அடித்தட்டு அறைக்குள் குடிபெயர்ந்தது. தேடிக் கூட்டுவதற்கு இப்போது எதுவும் இல்லாமையால், இரண்டையும் பழைய ஒற்றைப் பெட்டியைவிடக் குறைவான ஒலியில் வைத்திருக்கிறோம். இரவு ஒன்பதுக்கு மேல் இரண்டும் மௌனம். பெரியவரிடம் டம்ளரைப் பற்றிக் கேட்டோம். "சண்டைப் படம்னா லேசா" என்றார். ஆகவே சண்டைப் படங்கள் அவர் மகள் வீட்டுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு மாற்றப்பட்டுள்ளன. வரும் ஞாயிறு நண்பரையும் அழைத்திருக்கிறோம். அவர் வருவதற்குள் சோபாவைச் சுவரிலிருந்து ஐந்தடி முன்னே இழுத்துப் போட வேண்டும்.