சித்திரைக் காற்று தெய்வச் செயலா?

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று பழமொழி இருக்கிறது. அம்மி பறந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் சித்திரை, வைகாசியில் தகரம் பறப்பதை மாரண்டஹள்ளி, பாலக்கோடு பக்கம் பார்க்காதவர்கள் குறைவு. அதற்கு ஏனோ பழமொழியே இல்லை!

ஆடிக் காற்று சொல்லிவிட்டு வருகிற காற்று. பருவக்காற்று என்பதால் நாள் கணக்கில் ஒரே பக்கமிருந்து வீசும், ஊரும் அதற்குப் பழகிவிடும். கோடைக் காற்று அப்படி இல்லை. மத்தியானம் ஒரு இலைகூட அசையாது. நாலு மணிக்கு வானம் ஒரு பக்கமாகக் கருக்கும். அடுத்த கால் மணி நேரத்தில் தெருவே தலைகீழாகிவிடும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தர்மபுரி மாவட்டத்தில் மாரண்டஹள்ளியைச் சுற்றியுள்ள ஏதோ ஒரு கிராமம். வைகாசியில் சொந்தத்தில் கல்யாணம், ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே நாளில் துணி எடுத்துவிடலாம் என்று அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் கிளம்புகிறார்கள். காலையில் காட்டு வேலை, மத்தியானம் வெயில். அதனால் கடைவீதிக்குப் போவது எப்போதும் நாலு மணிக்கு மேல்தான். காற்றும் அந்த நேரத்துக்குத்தான் வரும்! வியாபாரத்துக்கு நல்ல நேரமும் புயலுக்கு நல்ல நேரமும் ஒன்றாக அமைந்திருப்பது இந்தப் பகுதியின் தலையெழுத்து.

பை நிறையத் துணியோடு வெளியே வரும்போது முதலில் புழுதி எழும்புகிறது. கண் திறக்க முடியவில்லை. தள்ளுவண்டிக் குடை புரள்கிறது. கரண்ட் போய்விடுகிறது. கடைகளில் ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்குகிறது. "அண்ணா, பாட்டிய மட்டுமாவது உள்ள விடுங்கண்ணா" என்று அம்மா கேட்பதற்குள் பாதிக்கு மேல் இறங்கியாயிற்று. இப்போது அந்த ஐந்து பேர் எங்கே நிற்பது? புளியமரத்தடியிலா, தகரப் பந்தலுக்குக் கீழா, டிரான்ஸ்பார்மர் பக்கமா, விளம்பரப் பலகை ஓரமா? கேட்கவேண்டிய கேள்வி இதுதான்.

காற்று ஏன் இப்படித் திடீரென்று வருகிறது? பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பகல் முழுக்கக் காய்ந்த தரை மேலே இருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அந்தச் சூடான ஈரக்காற்று மேலெழுந்து இடிமேகமாகிறது. மேகத்திலிருந்து விழும் மழையில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிரவைக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, அதனால் கீழே பாய்கிறது. தரையில் மோதியதும் நாலாபக்கமும் சிதறி ஓடுகிறது. மழைக்கு முன்னாலேயே காற்று வந்துவிடுவது இதனால்தான்.

வானிலை மையமும் சும்மா இருப்பதில்லை. கோடையில் பல நாட்கள், அடுத்த 3 மணி நேரத்தில் தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை, மணிக்கு 30 முதல் 40 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று என்கிற மாதிரி அறிவிப்பு வருகிறது. 40 கிலோமீட்டர்தானே, பஸ்ஸே அதைவிட வேகமாகப் போகுமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு தப்புகிறது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். 20 அடிக்கு 10 அடி ப்ளெக்ஸ் பேனர் ஒன்றின் மேல் 30 கிலோமீட்டர் காற்று தள்ளும் விசை ஏறக்குறைய 80 கிலோ எடைக்குச் சமம். அதே காற்று 60 ஆனால் 300 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு சவுக்குக் கொம்பும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் 300 கிலோவைத் தாங்குமா? ஆனால் கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு, கடைத் திறப்பு எல்லாவற்றுக்கும் அதைத்தான் கட்டுகிறார்கள்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகைச் சட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் அந்தச் சட்டமே சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அன்றும் திடீர்க் காற்றுதான். அடுத்த வருடம், 2024 மே 13 மாலையில் மும்பை காட்கோபரில் புழுதிப்புயல் அடித்தபோது ராட்சத விளம்பரப் பலகை ஒன்று பெட்ரோல் பங்க் மேல் விழுந்தது. 17 பேர் உயிரிழந்தார்கள், 70 பேருக்கு மேல் காயம். மாநகராட்சி விதிப்படி அதிகபட்ச அளவு 40 அடிக்கு 40 அடி. அங்கே நின்றது 120 அடிக்கு 120 அடி. நீளத்தில் மூன்று மடங்கு என்றால் பரப்பில் ஒன்பது மடங்கு.

அந்த வழக்கில், இது பலத்த காற்றால் நேர்ந்தது, தெய்வச் செயல் என்று ஜாமீன் மனுவில் வாதம் வைக்கப்பட்டது. வணிகச் சட்டம் படிக்கிற எந்த மாணவருக்கும் பழக்கமான வார்த்தை இது. மனிதர்களால் முன்கூட்டி எதிர்பார்க்க முடியாத, எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாத இயற்கை நிகழ்வுக்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். வருடா வருடம் அதே மாதங்களில், பெரும்பாலும் அதே மாலை நேரத்தில், அறிவிப்பும் கொடுத்துவிட்டு வருகிற காற்று அதில் எப்படிச் சேரும்? கட்டிடங்களுக்கான காற்று விசை பற்றிய இந்தியத் தர நிர்ணயத்தில் பெங்களூருக்கு வினாடிக்கு 33 மீட்டர் வேகம் குறிக்கப்பட்டிருக்கிறது. நாட்டிலேயே மிகக் குறைந்த பிரிவு அது. அதுவே மணிக்கு ஏறக்குறைய 119 கிலோமீட்டர்! காற்று குறைவான ஊரிலும் எதைத் தாங்கும்படி கட்டவேண்டும் என்று எழுதிவைத்த பிறகு, 60 கிலோமீட்டருக்குக் கழன்று விழும் தகரத்துக்குத் தெய்வத்தைக் குற்றம் சொல்வது அநியாயம். பாவம் தெய்வம்... அதற்கு வக்கீலும் கிடையாது.

சரி, நஷ்டம் யார் கணக்கில் ஏறுகிறது? கட்டிடத்தில் இருக்கும் கடைக்காரருக்கு ஒரு வழி உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் சிறு நிறுவனங்களுக்காக 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற காப்பீடு நடைமுறையில் இருக்கிறது. சொத்தின் மதிப்பு 5 கோடி ரூபாய் வரை உள்ள தொழில்களுக்கானது, புயல் சேதமும் அதில் அடக்கம். எத்தனை கடைகளில் எடுத்திருக்கிறார்கள் என்பது வேறு விஷயம். தரையில் சாக்கு விரித்து வளையல், பொம்மை, செருப்பு விற்பவருக்கு அதுவும் இல்லை. சாலையோர வியாபாரிகளுக்காக 2020-ல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடன் 10,000 ரூபாய், 2025-ல் அதை 15,000 ஆக்கினார்கள். கடன் வாங்கிப் போட்ட சரக்கு ஒரே மாலையில் சாக்கடைக்குப் போனாலும் மாதத் தவணை தேதி மாறாது. அந்தக் குடும்பத்தின் புதுத்துணி சேற்றில் விழுந்தால் அது எந்த ஏட்டிலும் வராது. கல்யாணத்துக்குப் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

மாரண்டஹள்ளி என்ற பெயரை வெளியூர்க்காரர்களில் பலர் முதலில் கேட்டிருப்பது 2023 மார்ச்சில் மூன்று யானைகள் மின்வேலியில் சிக்கி இறந்தபோதாக இருக்கும். நாலு தகரமும் நாற்பது தென்னையும் விழுந்தால் யாருக்கும் செய்தி இல்லை. உயிர் போனால்தான் ஊர் பெயர் வரும் போலிருக்கிறது.

பெரிய செலவு எதுவும் தேவைப்படவில்லை. சித்திரை பிறப்பதற்கு முன்னால் கடைவீதியில் தொங்கும் தகரத்தையும் பேனரையும் பேரூராட்சி ஆட்கள் ஒருமுறை நடந்து பார்த்தாலே பாதி ஆபத்து போய்விடும். கட்டியவர் பெயரும் கழற்றவேண்டிய தேதியும் பேனரிலேயே இருக்கவேண்டும், விழுந்தால் அவர்தான் பொறுப்பு. காங்கிரீட் கூரை உள்ள கடைக்காரர்கள் ஷட்டரை இறக்குவதற்கு முன் வாசலில் நிற்பவர்களை உள்ளே அழைத்துக்கொள்ளலாம். கல்லாவுக்குப் பயமாக இருந்தால் கல்லாவைப் பூட்டிக்கொள்ளட்டும்.

இன்னொன்று. மூன்று மணி நேர அறிவிப்பு போனில் வந்துவிடுகிறது. ஆனால் கூட்டத்தில் பையைத் தூக்கிக்கொண்டு பேரம் பேசுகிறவர்கள் போனைப் பார்ப்பதில்லை, பாட்டியிடம் போனே இல்லை. ஒன்று எடுத்தால் ஒன்று இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்கக் கடைவீதியைச் சுற்றுகிறார்களே, அந்த மைக்கிலேயே இதையும் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போகலாம்.