ஓடினால் போதுமா? நிற்க வேண்டாமா?

இங்கிலாந்தில் 'எம்.ஜி.பி.' என்று ஒரு கார் உண்டு. இரண்டு பேர் உட்காரும் சிறிய ஸ்போர்ட்ஸ் கார். பெரும்பாலானவற்றில் துணிக்கூரையை மடக்கி விடலாம். பெரிய சீமான்கள் மட்டும் அல்ல, சம்பளக்காரர்களும் ஆசைப்பட்டு வாங்கிய கார் இது. 1962 முதல் 1980 வரை அபிங்டன் என்ற ஊரில் செய்தார்கள். மொத்தம் 5 லட்சத்துக்கும் மேல்!

அவற்றில் பல கார்கள் வருஷக்கணக்கில் கொட்டகையில் தூங்குகின்றன. அப்பா ஓட்டிய கார். விற்க மகனுக்கு மனம் இல்லை. 20 வருஷம் கழித்து ஒரு நாள் ஆசை பிறக்கிறது. புது பாட்டரி மாட்டுகிறார். சாவியைத் திருப்புகிறார். என்ஜின் உறுமுகிறது. ஒரே ஆனந்தம்! உடனே ரோட்டுக்குக் கிளம்பி விடுகிறார்.

இது பெரிய அபாயம். ஓடாத கார் யாரையும் இடிக்காது. ஓடிய பிறகு நிற்காத கார்தான் உயிரை வாங்கும்.

முதலில் பிரேக்

ஆகவே, முதலில் பார்க்க வேண்டியது பிரேக். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்தால் உள்ளே துரு பிடிக்கும். ரப்பர் குழாய் வெளியே நன்றாக இருக்கும். உள்ளே வீங்கி அடைத்துக் கொண்டிருக்கும். பழைய ஆயிலையும் ரப்பரையும் மாற்றியே தீர வேண்டும்.

டயரும் அப்படித்தான். பட்டன் தேயாமல் இருக்கலாம். ஆனால் வயதான ரப்பர் வெடிக்கும்.

அடுத்தது, உடம்பு. எம்.ஜி.பி.க்குத் தனியாகச் சேசிஸ் கிடையாது. தகட்டு உடம்புதான் அதன் எலும்பு. கதவுக்குக் கீழே உள்ள பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே போய்விடும். மேலே பூசிய பெயிண்ட் அதை மறைத்துவிடும். தட்டிப் பார்க்க வேண்டும்.

என்ஜின் கடைசியில்தான். கெட்டுப்போன பெட்ரோலை வடித்துவிட வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிறிது எண்ணெய் விட்டு, ஊறவிட வேண்டும். பிறகு கையால் மெதுவாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். தடை இல்லாமல் சுற்றினால்தான் பாட்டரி.

அதிலும் ஜாக்கிரதை! 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பாட்டரியின் 'பிளஸ்' முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். பிறகு வந்தவற்றில் 'மைனஸ்' முனை. மாற்றி மாட்டினால் மின்சாரக் கருவிகள் பாழாகும். என்ஜினை ஓட்டும்போது கொட்டகைக் கதவு திறந்திருக்க வேண்டும். மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

சட்டம் விட்டாலும்...

இங்கிலாந்தில் கார்களுக்கு வருஷந்தோறும் பரிசோதனை உண்டு. ஆனால் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத கார்களுக்கு 2018 மே மாதம் முதல் அது கட்டாயம் இல்லை. கடைசி எம்.ஜி.பி. 1980-ல் வந்தது. அதனால் இன்று எல்லா எம்.ஜி.பி.க்களும் அந்த வயதைத் தாண்டிவிட்டன.

பழைய கார் வைத்திருப்பவர்கள் அதைப் பிள்ளை போலப் பேணுகிறார்கள், கொஞ்சமாகவே ஓட்டுகிறார்கள் என்பது இந்தச் சலுகைக்குச் சொல்லப்படும் காரணம். அடிக்கடி ஓடும் காருக்கு அது பொருந்தும். 20 வருஷம் தூங்கி எழுந்த காருக்கு எப்படிப் பொருந்தும்?

சலுகை கொடுத்த சட்டமே, 'ஆபத்தான காரை ரோட்டில் ஓட்டினால் குற்றம்' என்றும் சொல்கிறது. பொறுப்பு சொந்தக்காரர் தலையில்தான் இருக்கிறது. விரும்பியவர்கள் தாங்களாகவே பரிசோதனைக்குக் கொண்டு போகலாம். தடை இல்லை.

நீண்ட நாள் நின்ற கார் முதல் தடவை ரோட்டுக்கு வரும்போது, இந்தப் பரிசோதனையைக் கட்டாயம் ஆக்க வேண்டும். இது நமது கருத்து. அதுவரை சொந்தக்காரர்களே முன்வர வேண்டும். செலவு கொஞ்சம். காப்பாற்றுவது உயிர்.

பதறாத காரியம் சிதறாது. 20 வருஷம் காத்திருந்த கார், இன்னும் 20 நாள் காத்திருக்காதா?