இருதய நோய் வந்த பெண் நடக்கலாமா? நடக்கத்தான் வேண்டும்!

மாரடைப்பில் இருந்து பிழைத்து வீடு திரும்பிய பெண்ணைப் பார்க்க உறவினர்கள் வருகிறார்கள். எல்லோரும் ஒரே புத்திமதியைத்தான் சொல்லுகிறார்கள். "ஆடாமல் அசையாமல் படுத்திரு!"

அவளும் பத்து நாள் படுத்திருக்கிறாள். பதினோராவது நாள் வீட்டு வேலை கூப்பிடுகிறது. எழுந்து அடுப்படிக்குப் போய் விடுகிறாள்.

இரண்டுமே தவறு. முடங்கிக் கிடப்பது வைத்தியம் அல்ல. வீட்டு வேலையில் மூழ்குவதும் வைத்தியம் அல்ல. டாக்டர் அளவு சொல்லித் தரும் உடற்பயிற்சிதான் வைத்தியம். அதுவும் ஒரு மருந்து.

திருச்சி தில்லை நகரில் டாக்டர்களுக்குப் பஞ்சம் இல்லை. எந்தக் குறுக்குத் தெருவில் திரும்பினாலும் மருத்துவமனைப் பலகை தெரியும். ஸ்ரீரங்கத்தில் இருந்தும், லால்குடி, முசிறிப் பக்கம் இருந்தும் நோயாளிகள் இங்கே வருகிறார்கள். மாத்திரைகளை வாங்கிக் கொண்டு ஊர் திரும்புகிறார்கள். மாத்திரையைப் பெண்கள் மறப்பது இல்லை. உடற்பயிற்சி என்ற மருந்தைத்தான் விட்டு விடுகிறார்கள்.

ஜனாதிபதி நடந்தார்

ஒரு காலத்தில் மாரடைப்பு வந்தவர் ஆறு வாரம் வரை கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. 1952-ல் அமெரிக்க டாக்டர்கள் லெவைன், லவுன் இருவரும் நோயாளிகளைச் சீக்கிரமே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதுவே அப்போது பெரிய துணிச்சல்!

1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கு மாரடைப்பு வந்தது. அவருக்கு வைத்தியம் பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் பால் டட்லி ஒயிட். நடையின் பெருமையை ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர். ஐசன்ஹோவர் படிப்படியாக எழுந்து நடந்தார். 1956-ல் மறுபடியும் தேர்தலில் நின்றார். ஜெயித்தார். கோல்ப் பந்தும் ஆடினார்.

இன்று சந்தேகத்துக்கே இடம் இல்லை. முறையான பயிற்சி செய்கிறவர்களிடையே இருதய நோயால் வரும் சாவு குறைகிறது. மறுபடி ஆஸ்பத்திரியில் சேருவதும் குறைகிறது. பல நாட்டு ஆராய்ச்சிகள் இதைக் காட்டி விட்டன.

பெண்கள் எங்கே?

இந்தியாவில் 24 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு வந்த 3,959 பேரிடம் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. அதன் முடிவு 2020-ல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதத்தில் 13 யோகா வகுப்புகள் நடத்தினார்கள். யோகா கற்றவர்கள், தங்கள் உடல் நிலை தேறியதாக மற்றவர்களை விட அதிகமாகச் சொன்னார்கள். பழைய வேலைகளுக்கும் நன்றாகத் திரும்பினார்கள். ஆனால் அந்த 3,959 பேரில் பெரும்பாலோர் ஆண்கள்!

உலகம் முழுவதும் இதே கதைதான். பயிற்சிக்குப் போகும்படி பெண்களிடம் சொல்லுவதே குறைவு. சொன்னாலும் வருவது குறைவு. வந்தாலும் பாதியில் நிற்பது அதிகம். துணைக்கு ஆள் இல்லை. ஆண்கள் நடுவே கை காலை ஆட்டக் கூச்சம். "வீட்டில் யார் பார்ப்பார்கள்?" என்ற கவலை.

வழி இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் புளோரிடாவில் 252 பெண்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். பெண்களுக்கு என்றே நடத்திய வகுப்பில், நூற்றுக்கு 90 பயிற்சிகளுக்கு வந்தார்கள். பொது வகுப்பில் 77-தான். தில்லை நகர் மருத்துவமனைகளும் பெண்களுக்கு என்று தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கலாமே!

வீட்டு வேலை போதாதா?

போதாது. அடுப்படியில் நிற்பது காலுக்கு வலி. இருதயத்துக்குப் பயிற்சி அல்ல. திடீர் என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்குவது இருதயத்துக்குச் சுமை. பயிற்சி என்றால் மெதுவாகத் தொடங்க வேண்டும். ஒரே சீராகச் செய்ய வேண்டும். மெதுவாக முடிக்க வேண்டும்.

முதலில் டாக்டர் சோதித்துப் பார்ப்பார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்று அளப்பதும் ஒரு சோதனை. பிறகு ஐந்து, பத்து நிமிட நடையில் தொடங்கலாம். வாரந்தோறும் கொஞ்சம் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்ற அளவுக்கு வரலாம்.

அளவு சரிதானா என்று எப்படித் தெரியும்? நடக்கும்போது பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம்!

ஸ்ரீரங்கத்துப் பெண்களுக்கு உத்திர வீதியும் சித்திரை வீதியும் சமதளமான பாதைகள். வெயில் ஏறும் முன்பே நடந்து விடலாம். மலைக்கோட்டைப் படி ஏறும் ஆசை டாக்டர் சம்மதிக்கும் வரை காத்திருக்கட்டும். பைபாஸ் ஆபரேஷன் ஆனவர்களுக்கு மார்பு எலும்பு கூட இரண்டு, மூன்று மாதம் ஆகும். அதுவரை குடமும் வேண்டாம். பேரக் குழந்தையைத் தூக்குவதும் வேண்டாம்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், தலை சுற்றல், குளிர்ந்த வியர்வை: இவற்றில் ஒன்று வந்தாலும் உடனே நின்று விட வேண்டும். உட்கார்ந்தும் அடங்காவிட்டால் தாமதம் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குடும்பத்தின் கடமை

"நேரம் இல்லை" என்று அவள் சொல்லுகிறாள். நேரம் இல்லாதது அவள் குற்றமா? காலைக் காப்பியைக் கணவர் போடட்டும். பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டைத் தாங்களே டப்பாவில் அடைத்துக் கொள்ளட்டும். மகனோ மருமகளோ முதல் சில நாள் கூட நடக்கட்டும்.

ஆபரேஷனுக்கு நகையை விற்றுப் பணம் கட்டும் குடும்பங்கள் உண்டு. அப்படிக் காப்பாற்றிய உயிருக்குத் தினம் அரை மணி நேரம் கொடுக்க மனம் இல்லாமல் போகலாமா? அந்த அரை மணிக்குக் காசு வேண்டாம். வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக் கொண்டால் போதும்!